கலியாண வீடியோவில் ஓடப் பார்த்த மாப்பிள்ளை

முதலில் வயலின்கள் வந்தன... ஒன்று இரண்டல்ல, ஒரு மண்டபம் நிறைய வயலின்கள் சேர்ந்து எழும்பிய மாதிரி. பிறகு ட்ரம்பெட். கொக்குவிலில் மாமி வீட்டு ஹோலில் இருந்த பழைய டிவி அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் கரகரத்தது.

ஓடிக்கொண்டிருந்தது எங்கள் கலியாண வீடியோ. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் லீவுக்கு வந்து போகத் தொடங்கியிருந்த காலம். கலியாணம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு சிடி கைக்கு வந்தது. மாமி ரோல்ஸ் பொரித்து, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு இருத்தியிருந்தார்.

அந்த மூன்று கிழமையும் எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். பேசிச் செய்த கலியாணம். மனிசன் நல்லவர். கத்தமாட்டார், குடிக்கமாட்டார். ஆனால் கதைக்கவும் மாட்டார்.

"தேத்தண்ணி போடட்டோ?"
"ஓம்."
"கறி உறைக்குதோ?"
"இல்லை."

அவ்வளவுதான். நானோ பண்டத்தரிப்பில் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவள், வாய் ஓயாத ஆள். மிச்சக் காலம் முழுவதும் இந்த "ஓம்"முடன்தான் குடித்தனமா என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

டிவியில் இவர் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் காரால் இறங்கினார். வயலின்கள் கொஞ்சம் தணிய, ஒருவன் மிகவும் மரியாதையான இங்கிலிஷில் பாடத் தொடங்கினான். லண்டனிலிருந்து வந்த யாரோ வீடியோக்காரருக்குக் கொடுத்த சிடியாம். கம்பீரமாக இருக்கிறதென்று பின்னணிக்குப் போட்டுவிட்டார். வரிகளை யார் கேட்கப்போகிறார்கள்?

நான் கேட்டேன். தொழில் பழக்கம்.

பாடுகிறவனும் ஒரு மாப்பிள்ளைதான். விருந்து நடக்கும்போதே ஓடிப்போக வழி தேடுகிறான். முன்வாசலில் மாமனார் நிற்கிறார். பின்வாசலில் பேண்ட் வாத்தியக்காரர். மிஞ்சியது குளியலறை யன்னல்... ஆனால் அது சின்னது, நான் சாப்பிட்டதோ அதிகம் என்கிறான், ஏதோ பெரிய தத்துவம் சொல்கிற குரலில். ஒவ்வொரு புலம்பலுக்கும் பின்னால் ராசா ஊர்வலம் போவதுபோல வயலின்கள். சரியாக அந்த யன்னல் வரி வரும்போது, டிவியில் இவர் எனக்குத் தாலி கட்டுகிறார்.

"என்ன உருக்கமான பாட்டு," என்றார் மாமி.

"ஓமக்கா, கேக்க அழுகை வருது," என்றார் பக்கத்து வீட்டு அன்ரி.

புது மருமகள், மாமியாருக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரிக்க முடியுமா? சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. தற்செயலாக இவரைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன!

இருமுவதுபோல ஒரு பாவனை செய்துகொண்டு இவர் எழும்பிக் குசினிக்குள் போனார். "தண்ணி குடுத்துப்போட்டு வாறன் மாமி" என்று நானும் பின்னால் போனேன்.

சுவரைப் பிடித்தபடி, சத்தம் வெளியே வராமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

"உமக்கும் விளங்கினதோ?"

"விளங்காமல்? உங்கடை குசினி யன்னல் பெரிசுதானே. ஓடுறதெண்டால் இப்பவே ஓடலாம்."

இவர் திரும்பி யன்னலை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்.

"ஓடலாம்தான்... ரோல்ஸ் கனக்கச் சாப்பிட்டிட்டன்."

அந்த நிமிடம் எனக்கு இவரைப் பிடித்துவிட்டது. பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அடுத்த நாளே இரண்டு பேரும் வீடியோக்காரரிடம் போய், அந்த லண்டன் பாட்டுச் சிடியை முழுவதும் கொப்பி அடித்துத் தரச் சொல்லிக் கேட்டோம். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, அதிலை உந்த ஒரு பாட்டுத்தான் கலியாணத்துக்குச் சரிவரும். மற்றதெல்லாம் ஒரே சோகம்."

அந்த வருசம் அவர் எடுத்த அத்தனை கலியாணத்திலும் இதே பாட்டுத்தானாம். கொக்குவிலில் தாலி கட்டியவர்கள், குருநகரில் மோதிரம் மாற்றியவர்கள் என்று எத்தனை மாப்பிள்ளைகள் அந்த யன்னலுக்குள் நுழையப் பார்த்தார்களோ... உங்களில் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால் வீடியோவைப் போட்டு ஒருமுறை கவனமாகக் கேளுங்கள்.

மற்றப் பாட்டுகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. தண்ணீருக்குப் பயந்த கப்பல் கப்டன் ஒருவர். நாவல்களில் வரும் ஆண்களை மட்டுமே காதலிக்கும் ஒரு பெண். சின்ன மனிதரின் சின்னக் கஷ்டத்துக்கு ஒரு முழு ஓர்கெஸ்ட்ராவே எழும்பி நிற்கும். சிரிப்பும் வரும், அந்த ஆளின் மேல் பாசமும் வரும். வேலையால் வந்து, தேத்தண்ணியும் டிக்‌ஷனரியுமாக முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒழுங்காகக் கேட்போம். கப்டன் கடைசியில் கப்பலில் ஏறினாரா இல்லையா என்று இவர் என்னோடு சண்டை பிடித்தார். "ஓம்" தவிர வேறொன்றும் தெரியாத மனிசன்!

இப்போது அந்த அல்பம் முழுவதும் போனிலேயே கிடைக்கிறது. ஆனால் இரண்டாம் பாட்டு முடிவதற்குள் யாராவது கோல் எடுப்பார்கள், இல்லாவிட்டால் போன் தானாகவே வேறெங்கோ தாவிவிடும்.

போன மாதம் இவருடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டு வருசமாக வாட்ஸ்அப்பில் கதைத்துக் கதைத்து, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள். எனக்கும் சந்தோசம்தான். வீடியோ லிங்க்காக வந்தது. ட்ரோனில் எடுத்த கோயில் கோபுரம், ஸ்லோ மோஷனில் பூ, படத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பாட்டு. ஒவ்வொரு வரியும் அவ்வளவு பொருத்தம். தனித்தனியாக எல்லோரும் தங்கள் தங்கள் போனில் பார்த்து ஹார்ட் போட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் டிவியில் போட்டு முழுவதும் பார்த்தோம். முடிந்ததும் இவர் ரிமோட்டால் டிவியை நிற்பாட்டினார். பிறகு சொன்னார்:

"பாவம் பிள்ளையள்... வீடியோக்காரன் ஒரு பிழையும் விடேல்லை."