புதிய செயலி எந்த வீட்டுக்கு என்று நான் சொன்ன தீர்ப்பு

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கதை நிலைத்துவிட்டது. விளையாட்டுக்கென வைத்திருக்கும் இரு கணினிகளுள் எதற்குப் புதிய செயலியை, அதாவது கணினிக்கு மூளையான புரொசசரை, பூட்டுவது என்ற வழக்கில், நான் என் சொந்த ஆசையைத் துறந்து நீதி சொன்னேன் என்பதே அக்கதை. கனடாவிலுள்ள மகன் தன் நண்பர்களுக்கும் அதைச் சொல்லியிருக்கிறான். அது உண்மையன்று. உண்மையை வாயால் சொல்லும் துணிவு எனக்கு வாய்க்கவில்லை; ஆகையால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்குமிடையே பயணிகள் படகில் சுக்கான் பிடித்தேன். என் கடைசிப் பயணத்தில் நெடுந்தீவு இறங்குதுறையோடு படகை ஒட்டி அணைக்கும்போது இடப்பக்கம் மோதிவிட்டது. எவருக்கும் காயமில்லை; ஓர் அம்மாவின் முட்டைப் பெட்டி மட்டும் கவிழ்ந்தது. சோளகக் காற்றின் இழுப்பு என்று நான் சொன்னேன். இடக்கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டதென்று பின்னர் கண் வைத்தியர் சொன்னார். அன்றிலிருந்து ஊர்காவற்றுறையில் என் பெண்மக்களின் வளவுக்குள் இருக்கிறேன். துணையின்றிக் கடற்கரைக்குப் போகக் கூடாதென்பது அவர்கள் இட்ட கட்டளை. துணை வருவதற்கு எவருக்கும் நேரமில்லை. படலையைத் திறந்தால் இருநூறு அடியில் கடல். அந்தப் படலையை நான் தனியே திறந்து பல மாதங்களாகின்றன.

ஒரே வேலிக்குள் இரண்டு வீடுகள். முன்வீடு மூத்தவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அவளுடைய கணவர் ஆசிரியர். பின்னேரங்களில் அவர் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கனடாவில் விடியப்புறம் எழும்பியிருக்கும் என் மகனோடு சேர்ந்து கணினியில் எதிரிகளைச் சுடுவார். பின்வீட்டில் நானும் இளையவளும். அவள் அரச அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வந்ததும் கார்ப் பந்தயம் ஓடுவாள். முன்வீட்டில் கழித்துவிட்ட கணினியே அவளுக்கு வந்தது.

இவ்விரண்டும் மந்தமாகிவிட்டதை அறிந்த மகன், விடுமுறைக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு செயலியைக் கொடுத்துவிட்டான். ஒன்றுதான் அனுப்பினான். சகோதரிகள் இருவரும் மாறி மாறித் தொலைபேசியில் முறையிட, “எனக்கு ஏலாது. அப்பா சொல்லட்டும், அதுதான் முடிவு” என்று ஒதுங்கிக்கொண்டான்.

இங்கேதான் ஐயா, நான் அகப்பட்டேன். எவருக்கும் தெரியாத ஒரு காரியம் என்னிடம் இருந்தது. மத்தியானம் வளவில் ஒருவருமில்லாத நேரத்தில் நான் பின்வீட்டுக் கணினியில் கப்பல் ஓட்டிவந்தேன். இளையவள் எப்போதோ இறக்கிவைத்து மறந்துபோன விளையாட்டு அது. ஏதோ ஒரு குளிர்நாட்டின் சாம்பல் நிறக் கடல். பயணிகளை ஏற்றி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக வேண்டும். கடலுக்குள் எனக்குச் சிரமமில்லை. துறையில் அணைப்பதுதான் வாய்க்கவில்லை. எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்தால் பழைய கணினி திகைத்து நிற்கும். திரையில் அலை கல்லாகிவிடும். இரண்டு மூச்சு கழித்து அது விழிக்கும்போது கப்பல் இடித்திருக்கும். ஒவ்வொரு நாளும் இடித்தது. புதிய செயலி வந்தால் ஒருமுறையாவது இடிக்காமல் அணைத்துவிடுவேன் என்ற ஒரே நினைப்போடு அந்த நாட்களில் வாழ்ந்தேன்.

செயலியைப் பூட்டுவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண்மணி காலை பஸ்ஸில் வந்தார். கணினி திருத்துவதில் பெயரெடுத்தவர். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டுக்கும் பொருந்தும் ஐயா. எதுக்கெண்டு சொல்லுங்கோ. ரெண்டரை பஸ்ஸை விட்டன் எண்டால் நான் இஞ்சைதான் படுக்கோணும்” என்றார்.

முன்வீட்டு விறாந்தையில் என்னைக் கதிரையில் இருத்தினார்கள்.

“இஞ்சை பூட்டினாத்தான் தம்பியோடை ஒழுங்கா விளையாடலாம் அப்பா,” என்றாள் மூத்தவள். “நடுவிலை படம் நிண்டுபோகுது. அவன் அங்கை செத்து விழுந்திட்டான், இவர் இஞ்சை இன்னும் அவனுக்குக் காவல் நிக்கிறார்.”

“நான் உன்ரை சைக்கிளை ஓடினனான். உன்ரை யூனிபோமைப் போட்டனான். இப்பவும் உன்ரை கொம்பியூட்டர்தான்,” என்றாள் இளையவள். “ஒரு புதுச் சாமானாவது என்ரை கையிலை வந்து பழசாகட்டுமன் அக்கா.”

மருமகன் சிரித்தார். “கார் ஓட என்னத்துக்கு இவ்வளவு பெரிய செயலி? எங்கடை றோட்டிலை ஓடுற மாதிரி ஆறுதலா ஓடுமன்.”

“அத்தான், நீங்கள் சுடுறது ஒண்டும் படுகிறேல்லையெண்டு அண்ணா சொன்னவர். அதுக்குச் செயலி என்ன செய்யும்?”

நியாயம் இளையவள் பக்கமே இருந்தது. என் ஆசையும் அந்தப் பக்கமே இருந்தது. அதுவே எனக்குக் கண்ணியாயிற்று. பின்வீட்டுக்கு என்று சொன்னால், ஏன் அப்பா என்று எவராவது கேட்கக்கூடும். என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சினேன். எழுந்து நின்று, தூரத்திலிருக்கும் மகனோடுள்ள உறவே எல்லாவற்றிலும் பெரிதென்று நீளமாகப் பேசி, முன்வீட்டுக்கே என்று தீர்த்துவிட்டேன். இளையவள் உள்ளே போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள்.

அந்தப் பெண்மணி முன்வீட்டுக் கணினியில் புதியதைப் பூட்டினார். கழற்றிய பழையதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுவும் பின்வீட்டிலை கிடக்கிறதை விட நல்லது. அங்கை ஏறுமோ எண்டு பாப்பம்” என்று பின்வீட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். கணினியை உயிர்ப்பித்தவர் திரையைப் பார்த்துக் கேட்டார்: “இதிலை ஆர் கப்பல் ஓடுறது?”

“அதை நான் எப்பவோ விட்டிட்டன்,” என்றாள் இளையவள்.

“நேற்று மத்தியானம் ஒண்டரைக்கு ஓடியிருக்கு. முந்தநாளும் ஓடியிருக்கு.”

“நேற்று மத்தியானம் நான் ஒபிசிலையெல்லோ...” என்றவள் திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள். நான் சுவர்க் கலண்டரைக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா! மத்தியானத்திலை நித்திரை கொள்ளுறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்!”

“கப்பித்தான் பிடிபட்டிட்டார்,” என்று மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, “அப்ப உங்களுக்கும் இது வேணுமெண்டிருந்ததோ அப்பா? இருந்தும் எங்களுக்குத் தந்தனீங்களோ?” என்றாள். கண் கலங்கிவிட்டது. “கழட்டுங்கோ அக்கா, பின்வீட்டுக்கே போடுங்கோ” என்று பெண்மணியிடம் சொன்னாள்.

“சொன்னது சொன்னதுதான்,” என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இனித்தது. அக்கதை அந்த இடத்தில்தான் பிறந்தது.

“அப்ப மாமா இஞ்சை வந்து ஓடட்டும்,” என்று மருமகன் கப்பல் விளையாட்டை முன்வீட்டுக் கணினியில் இறக்கி, என்னைக் கையில் பிடித்து அழைத்துப்போய் இருத்தினார். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பயணிகளைப் போல நின்றார்கள்.

அலைகள் நிற்கவில்லை. கப்பலின் முன்பக்கமான அணியம் ஏறி இறங்குவது உண்மைக் கடலில் போலவே இருந்தது. துறை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னுக்குக் கொடுத்தேன், கொடுத்த கணமே எஞ்சின் கேட்டது. ஒரு தாமதமுமில்லை. கப்பல் நான் சொன்னபடியே வந்து, இடப்பக்கத்தால் துறையின் மூலையில் இடித்தது.

“கேமின்ரை பிழை மாமா. பழகினால் சரி.”

மறுபடி ஓடினேன். மறுபடியும் இடப்பக்கம். மூன்றாம் முறை, தலைவலி என்று எழுந்துவிட்டேன். அன்று நெடுந்தீவில் காற்று இழுக்கவில்லை என்பது அந்தக் கதிரையில் வைத்தே எனக்குத் தெளிவாயிற்று.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், கழற்றிய செயலியைப் பின்வீட்டில் பூட்ட அந்தப் பெண்மணிக்கு முடியவில்லை. “கோல் எடுங்கோ, வந்து போட்டுத் தாறன்” என்று இலக்கத்தைத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன். செயலி என் அலுமாரியில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது.

“அந்த அக்காவுக்குக் கோல் எடுத்தனீங்களே அப்பா?” என்று இளையவள் இரண்டு முறை கேட்டாள்.

“எடுத்தனான். அவவுக்கு வேலை கூடவாம்.”

நான் எடுக்கவில்லை, ஐயா. அது பூட்டப்பட்டால் இந்த வளவில் மந்தமான கணினி இல்லாமற் போகும். முன்வீட்டுக்கு வரும்படி அவர்கள் அழைக்கும்போதெல்லாம், உங்களுடைய நேரத்தைக் கெடுக்கமாட்டேன் என்கிறேன். அதையும் பெருந்தன்மை என்கிறார்கள். மத்தியானத்தில் பின்வீட்டில் இருந்து பழையபடி ஓடுகிறேன். துறை நெருங்குகிறது, அலை கல்லாகிறது, கப்பல் இடிக்கிறது. பிழை கணினியுடையது. அதே கணினியில் இளையவளின் காரும் ஒவ்வொரு பின்னேரமும் வளைவுகளில் திகைத்து நிற்கிறது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறாள். ஆனாலும் காரின் சத்தம் அறுந்து நிற்பது எனக்குக் கேட்கிறது.

குடும்பத்தார் சொல்லும் கதை நிலைத்து நிற்கும். அதனோடு இதுவும் இருக்க வேண்டும். இந்த எழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.