கண்ணாடியில் கற்ற வால்ட்ஸ்

என் தம்பி முடிதிருத்துபவன். பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஒரு சலூனில் சேர்ந்தான். இருபத்துமூன்று வயதிலேயே அங்கே மூன்றாவது நாற்காலி அவனுடையதாகிவிட்டது. முப்பத்தொன்றில், போன மாதம், ஈரல் கெட்டுப்போய் இறந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஷாம்புவும் இருந்தாள். அவள் சொல்லித்தான் இதில் பாதி எனக்குத் தெரியும்.

ஷாம்பு அதே சலூனில் தலை அலசிவிட்ட பெண். அந்தப் பெயர் தம்பி வைத்தது. எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சி நிறுவனம், இதுவரை ஆடியே இராத இளைஞர்களை ஜோடி ஜோடியாகப் போட்டிக்குக் கூப்பிட்டது. ஆணும் பெண்ணும் கைகோத்து அரங்கைச் சுற்றிவரும் பழைய நடனங்கள், முதலில் வால்ட்ஸ். ஆசை முதலில் அவளுடையது. இரண்டே வாரத்தில் பைத்தியம் பிடித்தது இவனுக்கு. கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே ஒண்ணு ரெண்டு மூணு என்று முணுமுணுப்பான்.

"எவ்வளவு முடி மிச்சம்னு எண்ணுறியா தம்பி? மூணுதான், சரியாத்தான் இருக்கும்" என்றாராம் ஒரு வழுக்கைத்தலைக்காரர்.

பாடத்தை நிறுவனமே பதிவுசெய்து அனுப்பியிருந்தது. பேச்சே இல்லை; எண்ணிக்கையும் இசையும் ஆடிக்காட்டும் ஒரு ஜோடியும் மட்டும். கடை மூடியதும் நாற்காலிகளுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடத்தில் இருவரும் பழகினார்கள். தொலைக்காட்சிப் பெட்டி பின்சுவரில் மாட்டியிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. வாடிக்கையாளரின் இடதுகாது, வலதுகாது எல்லாம் நாள் முழுவதும் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்கள். பாடத்தையும் கண்ணாடியிலேயே பார்த்தார்கள். நான்கு மாதம், ஒருநாள் தவறாமல்.

தேர்வுக்கு வந்தது பத்து ஜோடி, எடுப்பது ஆறு. இசை தொடங்கியதும் மற்றவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சுற்ற, இவர்கள் இருவர் மட்டும் எதிர்ப்பக்கமாகக் கிளம்பி, மூன்றாவது திருப்பத்தில் எதிரே வந்த ஜோடிமேல் போய் மோதினார்கள்.

"கண்ணு தெரியலையா?" என்றான் மோதப்பட்டவன்.

"நீங்கதான் ராங் சைடுல வர்றீங்க" என்று ஷாம்பு சண்டைக்குப் போயிருக்கிறாள்.

தேர்வை நடத்திய நடன டீச்சர் இசையை நிறுத்தினார். தம்பியின் கையைத் தூக்கிப் பார்த்தார். அவள் முதுகில் இருக்கவேண்டியது அவனுடைய வலதுகை, இருந்தது இடதுகை. கால், கை, திரும்பும் பக்கம், எல்லாமே தலைகீழ்.

"எங்கேப்பா கத்துக்கிட்டே?"

சலூன் கண்ணாடியில் பார்த்து என்று அவன் சொன்னான். டீச்சர் சிரிக்கவில்லை. "ஒரு அடிகூடப் பிசகலை. அத்தனையும் தப்பு" என்றார்.

ஒரு மணி நேர இடைவேளை விட்டார்கள். வெளியே வராந்தாவில் இருவரும் கையை மாற்றிப் பிடித்து ஆடிப்பார்த்தார்கள். ஷாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்கு நாலாவது அடியில் கால் பழையபடி போய்விடும். அப்போது டீச்சர் வந்து அவனைத் தனியே கூப்பிட்டார். அங்கே ஒரு மருந்துக்கடைப் பையன் ஜோடி இல்லாமல் நின்றிருந்தான்; அவனுடன் வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல்.

"கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போற ஆம்பளை சரியா இருந்தா இந்தப் பொண்ணு கூடவே போயிடுவா. உன்னைத் திருப்ப எனக்கு ஒரு மாசம் வேணும். என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார் டீச்சர்.

தம்பி ஷாம்புவிடம் வந்து, "நீ அவனோட ஆடு" என்றான்.

"வேலையைப் பாருண்ணா. ஆடினா ரெண்டு பேரும், இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு."

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் யார் தலையை அலசறது? போடி. உன் மூஞ்சியாவது டிவியில வரட்டும்."

அவள் நகரவில்லை. இவன் அவள் கைப்பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன், கிளம்பு" என்று மருந்துக்கடைப் பையனிடம் அவளைத் தள்ளிவிட்டான். ஆறாவது ஜோடியாக அவர்கள் தேர்வானார்கள்.

வீட்டுக்கு வந்து கால் சுளுக்கிக்கொண்டது என்றான். அதனால் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். "எதைத்தான் உருப்படியா முடிச்சிருக்கே நீ? படிப்பும் பாதி, ஆட்டமும் பாதி" என்றேன். "வீக்கத்தைப் பாருக்கா" என்று காலை நீட்டினான். நான் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று வாரம் அவள் முகம் தொலைக்காட்சியில் வந்தது. மூன்று வாரமும் எங்களோடு உட்கார்ந்து, "அந்தப் பய தோளைத் தூக்கறான்" என்று குறை சொல்லிக்கொண்டே பார்த்தான். மூன்றாவது வாரக் கடைசியில் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். மறுநாள் அவள் உள்ளே வராமல் சலூன் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

"என்ன அங்கே வேடிக்கை? உள்ளே வந்து கையைக் கழுவு. நாலு தலை காத்துக் கிடக்கு" என்றானாம்.