அக்கா வீட்டில் மூன்று நாள் ஜெபமாலை

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் அடுத்தவர்கள் மேல் பாயும்போது, 'நீ மட்டும் யோக்கியமா' என்று யாரும் குறுக்கே வர வேண்டியதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, அவளை முப்பது பேருக்கு டீ போட வைத்தவன் நான்.

காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். பேரைக் கேட்டால் பெரிய பதவி. வேலை என்னவோ பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போடுவது. அக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். மாதா வந்திருக்கும் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை, பாட்டு, சின்னதாக ஒரு பிரசங்கம், கடைசியில் சுண்டலும் டீயும். எல்லா வீட்டுக்கும் ஒரு நாள்தான். அக்கா வீட்டில் நோயாளி இருப்பதால் அங்கே மட்டும் மாதா மூன்று நாள் தங்கட்டும் என்று நான் அறிவித்தேன். கை தட்டினார்கள். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. 'உங்க அக்காகிட்ட கேட்டீங்களா' என்று யாரும் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

முதல் நாள் பிரசங்கமும் நானே. கிறிஸ்தவன் நேரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பது பற்றி. "காணிக்கையில மட்டும் பத்துல ஒரு பங்கு இல்லைங்க, நேரத்துலயும் பத்துல ஒரு பங்கு ஆண்டவருக்கு!" என்று முழங்கினேன்.

அத்தான் உள்ளறையில் கிடந்தார். காரைக்கால்மேட்டு மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் நல்லாயிருக்கும் கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். என் பிரசங்கத்தின் நடுவே டங், டங் என்று சத்தம். அக்கா அடுப்படியிலிருந்து ஓடினாள். ஆண்டவரின் ஊழியனான நான் என்ன செய்தேன்? குரலை உயர்த்தினேன். டம்ளரா நானா பார்த்துவிடுவோம் என்று கத்தினேன். நான்தான் ஜெயித்தேன்.

இரண்டாம் நாள், முன்வரிசையில் எங்கள் அன்பியத்துப் பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் அவருக்குப் பிரான்ஸிலிருந்து வருகிறது. நேரம் எங்கிருந்து வருகிறதோ, அவ்வளவு வைத்திருப்பார். இரண்டாவது டீ குடிக்காமல் எந்த வீட்டையும் விட்டு எழுந்ததில்லை. அக்கா ஒரு கையில் டீத் தட்டும், தோளில் அத்தானுக்கு மாற்ற வேண்டிய வேட்டியுமாக வந்து நின்றாள். பெரியவர் நிதானமாக கிளாஸை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"என்னம்மா, ஞாயித்துக்கெழமை பூசையில ஆளையே காணோம்? ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடவா முடியல?"

"வரணுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அழவில்லை, முறைக்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

நான் எழுந்து பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, கிளாஸைக் கீழ வைங்க."

"என்னப்பா?"

"கீழ வைங்க. எல்லாரும் கெளம்புங்க."

"நீதானப்பா நேத்து சொன்ன, பத்துல ஒண்ணுன்னு?"

அதுதான் சுட்டது. சொன்னவன் நான்தான். ஆனாலும் விடவில்லை. "நோயாளிக்கு ஜெபிக்க வந்தீங்களே, அவர் எந்த ரூம்ல கெடக்குறார்னு ஒருத்தருக்காவது தெரியுமா? இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கோம், ஒரு ஆள் உள்ள போய் அந்த மனுசனைத் திருப்பிப் படுக்க வச்சோமா? சுண்டலுக்கு உப்பு பத்தலன்னு சொல்ல மட்டும் வாய் இருந்துச்சே!" உப்பு பற்றிச் சொன்னதும் நான்தான். அந்த வேகத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மாதாவைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் வைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். "நாளைக்கு இங்கயா? சுண்டலை யாரு ஊற வைப்பா?" என்றாள் மனைவி. நான்தான் ஊற வைத்தேன். மூன்றாம் நாள் ஜெபமாலைக்கு வந்தவர்களை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் என் கோபத்தைப் பற்றிப் பேச அன்பியத்தின் வாட்ஸப் குழுவில் அவசரக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். அதற்கு மட்டும் அத்தனை பேருக்கும் நேரம் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். "நீ பூசைக்குப் போ. நான் அத்தானைப் பாத்துக்கறேன்."

"உனக்கு என்னடா தெரியும்?"

"டம்ளர் தட்டுனா போகணும். அது தெரியும்."

ஏற இறங்கப் பார்த்தாள். குளித்து, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு வந்தாள். செருப்பு போட நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒரு காலில் செருப்போடு அப்படியே தூங்கிப்போனாள். கோவில் மணி அடித்தது. அசையவில்லை. எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் பாருங்கள், என்னை என்ன செய்தால் தகும்?

டங், டங். தண்ணீர் கொடுத்தேன். மறுபடி டங். தலையணையை நகர்த்தினேன். டங். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். டங், டங், டங். மூக்குதான் கடைசியில் எனக்கு விஷயத்தைச் சொன்னது. துடைத்து, புரட்டி, வேட்டி மாற்றி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. பாதியில் எனக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. இதை அக்கா ஒரு நாளில் எத்தனை தடவை செய்கிறாள்? நான் போட்ட முடிச்சைப் பார்த்து அத்தான் பாதி வாயால் சிரித்தார். வேட்டியை நான் சாக்கு மூட்டை மாதிரிக் கட்டியிருந்தேன்.

பூசை முடிந்து ஜனங்கள் தெருவில் திரும்பும் சத்தத்தில் அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். நேராக உள்ளே ஓடி அவரைப் பார்த்தாள், வேட்டி முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தயாராக ஒரு பேச்சு வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுடு. ஆண்டவர் நமக்குக் கொடுத்திருக்கிற நேரத்தை நாம எப்படி..."

"நாளைக்கு வருவியா, அதச் சொல்லு."