தர்மாஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போன எங்கள் அக்கா

இந்த நினைவு மலரை அச்சிடுவதற்காக நாமக்கல்லுக்குப் போயிருந்தேன். அச்சகத்தில் இதற்கென்றே வாசகங்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பெயரை மாற்றினால் போதும். "சில காலம் நோய்வாய்ப்பட்டிருந்து இறைவனடி சேர்ந்தார்" என்ற வரியைக் காட்டி, "எல்லாரும் இதைத்தானுங்க போடறாங்க" என்றார் அச்சகத்துக்காரர். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா நோய்வாய்ப்பட்டது உண்மை. இறைவனடி சேர்ந்திருப்பார் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நடந்ததை அந்த வரி விழுங்கிவிடுகிறது. அதை விழுங்க எனக்கு மனமில்லை. முதலாண்டு நினைவு நாளில் இதைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது கொல்லிமலையில், அரியூர் நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் தகப்பனாருக்குப் பள்ளத்தில் கொஞ்சம் நெல்வயலும், மேட்டில் சாமையும் கேழ்வரகும் விளையும் காடும் இருந்தன. நான் நடை பழகும் முன்பே தாயார் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறூட்டியதும், அடித்ததும், அடித்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டதும் அக்காதான். அவரே அப்போது சிறு பெண். என்னைச் சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று தகப்பனாரிடம் மல்லுக்கு நின்றவரும் அவர்தான். "கீழ நாட்டுல பலகை பலகையா எழுதி வெச்சிருக்கறானுங்க. அதுல என்ன இருக்குதுன்னு நம்ம ஊட்டுல ஒருத்தனாச்சும் படிச்சுச் சொல்ல வேண்டாமா?" என்பார். இன்று நான் அந்த ஊரிலேயே வாத்தியாராக இருக்கிறேன் என்றால் அது அவர் போட்ட சண்டை.

அக்காவுக்கு வாய் அதிகம் என்று உறவில் ஒரு பெயர் உண்டு. இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதுவும் பொய்தான்.

அதே நாட்டில் வாழ்க்கைப்பட்டார். மாமா அதிர்ந்து பேசாதவர். மிளகுக்கொடியோடு பேசுவதுதான் அவருக்குப் பிடித்த பேச்சு. பிறந்த ஒரு பிள்ளையையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிறகு மாமாவையும் பிடித்தது.

எங்கள் மலையில் ஒருவர் படுத்துவிட்டால், டோலிக்குத் தோள் கொடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள், தானாக வருவார்கள். அது முறை. இன்னொரு முறையும் உண்டு. மதிப்பான மனிதரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. தேனோ, மலைவாழையோ, பலாவோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு படி சாமையோ கையில் இருக்க வேண்டும். மரியாதைக்காக எங்கள் முன்னோர் வைத்த பழக்கம் அது. அடிவாரத்து தர்மாஸ்பத்திரியின் கம்பவுண்டர் இந்த மரியாதையைக் கண்டுகொண்டார். அதன் பிறகு அது மரியாதையாக இருக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியைச் சற்றுச் சொல்ல வேண்டும். விடியலில் புறப்பட்டாலும் எங்கள் செங்குத்துப் பாதையில் டோலி அடிவாரம் சேர உச்சி சாய்ந்துவிடும். ஆஸ்பத்திரியையோ உச்சிக்கு முன்பே பூட்டிவிடுவார்கள். நேரம் வகுத்த புண்ணியவான் மலைப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார். ஆகவே நோயாளி வேப்பமரத்தடியில் கிடந்து மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டும். டாக்டர் வாரத்தில் ஏதோ ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர்தான் ராஜா.

எங்களவர்கள் படியேறக் கூடாது என்பது அவர் கட்டளை. மலைக்காய்ச்சல் ஒட்டிக்கொள்ளுமாம். நாங்கள் மரத்தடியில் நின்று புட்டியை நீட்டினால், எட்ட நின்று தூக்கி ஊற்றுவார். ஆனால் நாங்கள் சுமந்து வந்த பலாப்பழம் படியேறலாம். தேன் குடுவை அவர் வீட்டுச் சமையலறை வரைக்கும் போகலாம். கோழியை அவரே கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார். அவற்றின் மேல் காய்ச்சல் ஒட்டாது போலிருக்கிறது. வாசலில் ஒரு பலகை, 'இங்கு வைத்தியம் இனாம்' என்று. முதன்முதலாக அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கம்பவுண்டர் கையிலிருந்த கோழியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

மலைக்காய்ச்சலுக்குத் தரும் கொயினா கலந்த மருந்து கசக்கும். அதில் ஏமாற்ற முடியாது. கொண்டுபோனது கம்பவுண்டருக்குப் பிடித்திருந்தால் மருந்து நாக்கைப் பிடுங்கும்படி கசக்கும். பிடிக்காவிட்டால் வெறும் இனிப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். மாமாவைக் கொண்டுபோனபோது பாதையில் கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. கையில் மிஞ்சியது கொஞ்சம் வாழைப்பழம். மருந்தை வாயில் வைத்ததும் மாமா அக்காவைப் பார்த்து, "இனிக்குது" என்றாராம். திரும்பி ஏறும் வழியில் டோலியிலேயே அவர் மூச்சு அடங்கியது. ஒரு மனிதனின் உயிர் ஒரு கோழியின் காலில் கட்டியிருந்திருக்கிறது.

கருமாதி முடிந்ததும் ஊர்க்கூட்டம் கூடியது. எங்கள் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. அக்கா எழுந்து நின்றார்.

"இனிமே தர்மாஸ்பத்திரிக்கு ஆரும் கையில எதையும் கொண்டுக்கிட்டுப் போகக் கூடாதுங்க" என்றார்.

ஊர்க்கவுண்டர் பதறிப்போனார். "வெறுங்கையோட போறது நம்ம மொறை இல்லையே கண்ணு."

"சாமிக்குக் கொண்டுபோறது மொறைங்க. பெத்த ஊட்டுக்குக் கொண்டுபோறது மொறைங்க. மருந்து குடுக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவனுக்கு என்னங்க மொறை? நாம குடுத்துக் குடுத்துத்தானுங்க அது வெலையாப் போச்சு. இல்லாதவன் என்னத்தைக் கொண்டுபோவான்?"

வெகுநேரம் சலசலப்பு. கடைசியில் எங்கள் மலைச்சாமி அறப்பளீசுவரர் மேல் ஆணையிட்டு முடிவு செய்தார்கள்: தர்மாஸ்பத்திரிக்கு எதையும் கொண்டுபோவதில்லை, கொண்டுபோகிற வீட்டு டோலிக்கு யாரும் தோள் கொடுப்பதில்லை.

முதன்முதலில் வெறுங்கையோடு போன டோலியைக் கம்பவுண்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். பிறகு மருந்து தீர்ந்துவிட்டது என்றார். அன்று சந்தை நாள். அக்கா டோலியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே வைக்கச் சொல்லி, கூட வந்த பெண்களோடு வழியில் உட்கார்ந்துவிட்டார். சந்தைக்கு வந்த சனமெல்லாம் நின்று பார்த்தது. அந்த நேரம் பார்த்து டாக்டரும் வந்து இறங்கினார். தீர்ந்துபோன மருந்து உடனே கிடைத்துவிட்டது. டாக்டரை நல்லவர் என்று சொல்லவரவில்லை. அன்று பார்க்கிற கண்கள் அதிகம், அவ்வளவுதான்.

கொஞ்ச காலம் எல்லாம் சரியாக நடந்தது. நாடு முழுவதும் அக்காவின் பேச்சாகவே இருந்தது. மலையின் இன்னொரு பக்கமாக முள்ளுக்குறிச்சிக்கு இறங்குகிறவர்கள்கூட இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் யுத்தம் வந்தது. கொயினா வருவது குறைந்தது. தபாலாபீசில் விற்ற கொயினாப் பொட்டலமும் நின்றுபோயிற்று. கம்பவுண்டரின் அலமாரிக்குத் திரும்பவும் மவுசு வந்தது. இந்த இடத்தில்தான் எங்களவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆணையிட்டது தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை என்றுதானே? கம்பவுண்டர் வீடு வேறு தெருவில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆணை எப்படித் தப்பும்? ஒவ்வொருவராக இப்படி நினைத்தார்கள். டோலி போவதற்கு முன்பே ஓர் ஆள் தனியாக இறங்கி, கொல்லைப்புறமாகத் தேனைக் கொடுத்துவிட்டு வருவான். பிறகு நோயாளி வெறுங்கையோடு கௌரவமாக வந்து சேருவார். தான் ஒருவன்தான் செய்வதாகவே முதலில் ஒவ்வொருவரும் நம்பினார்கள். சாமியையும் ஏமாற்றியாயிற்று, அக்காவையும் ஏமாற்றியாயிற்று. ஏமாறாதவர் கம்பவுண்டர் ஒருவர்தான். முன்பு ஒரு குடுவைக்குக் கொடுத்த மருந்தை இப்போது இரண்டு குடுவைக்குக் கொடுத்தார்.

மலையில் இது எதுவும் தெரியாதவர்கள் இரண்டு வகை: அக்கா, அக்காவின் சொல்லை நம்பிய ஏழைகள்.

சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு அக்காவைக் காய்ச்சல் பிடித்தது. டோலியில் கொண்டுவந்தார்கள். சேதி கேட்டு நான் ஓடினேன். அடிவாரத்தில் மிளகு மண்டி வைத்திருக்கும் பாய் தம் கிடங்கை ஒழித்துக் கொடுத்தார். அங்கே ஏற்கெனவே பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கிடந்தாள். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. அவள் புருஷன் அக்காவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். "நீங்க சொன்ன மாதிரியே வெறுங்கையோடதானுங்கக்கா வந்தோம். நாலு நாளா மருந்து குடுக்கறாருங்க. காய்ச்சல்தான் எறங்கவே மாட்டீங்குது" என்றான்.

மறுநாள் அக்காவுக்கு மருந்துப் புட்டி வந்தது. எங்கள் சித்தப்பா வாங்கிவந்தார். நான் அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு மடக்கு விழுங்கினார். முகம் சுருங்கியது. அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

"கசக்குதுங்களே சித்தப்பா" என்றார்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும் சாமி. குடிச்சுப்போடு."

"என்ன கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. "ஊட்டுக்குத்தான் கண்ணு குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு இல்ல. எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க" என்றார். அந்த ஒரு பேச்சில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அக்கா பக்கத்தில் கிடந்தவளின் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். "இனிக்குது" என்றார். அதற்குமேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னோடத அந்தப் புள்ளைக்குக் குடுங்க."

"அக்கா, நீங்க குடிங்க. நான் போயி அவளுக்கு வேற புட்டி கேட்டு வாங்கியாறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன்.

"எம் பேச்சக் கேட்டுத்தான் அது வெறுங்கையோட வந்து சாகக் கெடக்குது. அது பாத்துக்கிட்டு இருக்க நான் இதக் குடிப்பனா? நீ போயி வாங்கியா. வந்தாக் குடிக்கறேன்."

ஓடினேன். கம்பவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதான் காலைலயே குடுத்தாச்சே வாத்தியாரே. யுத்த காலம். ஒரு ஆளுக்கு ஒரு புட்டிதான்" என்றார். அவருக்குப் பின்னால் அலமாரி திறந்திருந்தது. புட்டிகள் நின்றன. "அவை யாருக்கு?" என்று கேட்டேன். "சொல்லி வெச்சவங்களுக்கு" என்றார். வெட்கத்தின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. என்னைப் படியேற விட்டிருந்தார். நான் வாத்தியார் அல்லவா! வெறுங்கையோடு திரும்பினேன்.

பாய் சேலத்துக்கு ஆள் அனுப்பினார். அங்கேயும் கொயினா கிடைக்கவில்லை. அக்காவின் புட்டியைக் குடித்த அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கியது. அக்காவுக்கு இறங்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன்பு அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலரும், எவ்வளவு பெரிய மனசு, என்ன தியாகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. ஒரே ஒரு புட்டி மருந்துதான் உலகத்தில் இருந்தது என்றால் அது தியாகம். அங்கே அலமாரி நிறைய இருந்தது. சர்க்கார் இனாமாக அனுப்பிய மருந்து அது. அக்கா எதையும் தானம் செய்யவில்லை. அவருக்கு உரியதைத் தராமல் கொன்றார்கள். கொன்றவர் ஒருவர். அவருக்குத் தேன் ஊற்றி வளர்த்தவர்கள் நாம்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்.

உயிரோடு இறக்கிக்கொண்டு வந்தவரை உயிரில்லாமல் அதே பாதையில் ஏற்றிச் சென்ற ஊர்க்காரர்களுக்கு நன்றி. அவர்கள் தோளில் இருந்த தடிப்பை நான் பார்த்தேன். கிடங்கைக் கொடுத்ததோடு, மூன்று வேளையும் தம் வீட்டிலிருந்து கஞ்சி அனுப்பி, தம் சொந்தத் தங்கைக்குப் போல் அலைந்த பாய்க்கும் அவர் வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர்கள் எனக்கு நன்றி சொல்ல வந்தார்கள். சொல்ல வேண்டாம் என்றேன்.

இந்தக் கட்டுரையைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நன்றி சொல்ற எடத்துல கம்பவுண்டர் பேரையும் ஒரு வரி போட்டுரு சாமி" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனுங்க சித்தப்பா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ கீழ இருக்கற. நாங்க மேல இருக்கறோம். அடுத்த மழைக்கு ஆரு ஊட்டுல ஆரு படுப்பாங்களோ! தூக்கிக்கிட்டு அவன்கிட்டத்தான போகோணும்?" என்றார்.

நன்றி எழுத என் கை வரவில்லை. குற்றவாளி என்று கம்பவுண்டர் பெயரைப் போட்டு அச்சடிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை பக்கத்திலும் அவர் வெறும் கம்பவுண்டராகவே இருக்கிறார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அலமாரிச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் பெயரைப் போட்டிருப்பார்.