மாப்பிள்ளை எடுத்து வந்த சட்டைத் துணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். பாதி மறந்தும் போகிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு. கிழமைக்குக் கிழமை வாசகர்கள் நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள்… இந்தக் கிழமையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மனம் ஒரு நிலையில் இல்லை.

கடைசி மகள் வசந்திக்குக் கலியாணம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கூறைச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் டவுனுக்குப் போனோம். நல்ல அரக்குச் சிவப்பு, எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அதற்கேற்ற ரவிக்கைச் சட்டைத் துணி கடையில் இல்லை. இந்தக் காலத்தில் கேட்ட நிறம் கேட்ட அன்றைக்கே கிடைக்குமா? அடுத்த கிழமை வரும் என்றார் முதலாளி.

மாப்பிள்ளை யோகனுக்கு அந்தத் தெருவிலேயே ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் வேலை. “நூல் ஒண்டு தாங்கோ மாமி, நான் பாத்து எடுத்து வாறன்” என்றார். கூறையின் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொடுத்தேன்.

எடுத்தும் வந்தார். பார்சலைப் பிரித்தால்… கரும்பச்சை!

அவருடைய தமக்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “எடேய், கூறைக்குச் சட்டை எடுக்கச் சொன்னா வேலிக்கு எடுத்து வந்திருக்கிறாய்! இப்பவே இப்பிடியெண்டா தாலி கட்டேக்க ஆரின்ர கழுத்தில கட்டப்போறியோ!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் துணியில் இல்லை. எங்கள் முகங்களில் ஒவ்வொன்றாய் ஓடியது — எதற்குச் சிரிக்கிறோம் என்று தேடிக்கொண்டு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால், துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டும் வேலைக்கு அவர் போக இருந்தார். அந்த வேலையைச் சொல்லித்தான் சம்பந்தமே பேசினார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்திலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். அதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஓம் என்றவர். ஆனால் கடலில் வழி சொல்வது எது? ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை விளக்கு. இரண்டும் ஒன்றாய்த் தெரிகிறவர் லாஞ்சைக் கொண்டுபோய்க் கல்லில் ஏற்றமாட்டாரா?

சொன்னால் கலியாணம் நிற்கும். சொல்லாவிட்டால்…? நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆளும் இல்லை நான்.

அடுத்த முறை அவர் வந்தபோது, குசினிக்குக் கூப்பிட்டுச் சுளகில் மிளகாயைக் கொட்டினேன். பச்சையும் பழமும் கலந்து கிடந்தது.

“தம்பி, பழமிளகாயை மட்டும் பொறுக்கித் தாறியளோ? எனக்குக் கண் மங்கல்.”

ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“மாமி, உங்கட கண்ணையோ சோதிக்கிறியள், என்ர கண்ணையோ?”

நான் சுளகை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“சின்னனிலயிருந்து இப்பிடித்தான். ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பக்கத்தில நிக்கிற ஆக்களைக் கேட்டுச் சமாளிச்சுப்போடுவன்.”

“லாஞ்சில ஆரைக் கேப்பியள் தம்பி?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். “மாமாட்ட நானே சொல்லுறன். வசந்திக்குத் தெரியும். அவவும் சொல்லச் சொல்லித்தான் நிக்கிறா.”

முன்னறையில் அவர் சொல்லி முடித்ததும் கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“அப்ப லாஞ்ச் வேலை?” — என் வீட்டுக்காரர்.

“போகமாட்டன் மாமா. ஏலாது. களஞ்சிய வேலை இருக்குது.”

வாசல் படலை திறந்து மூடியது. என் வீட்டுக்காரர்தான் வெளியே போய்விட்டார்.

வசந்தி என்னிடமிருந்து சுளகை இழுத்து மிளகாயைப் பிரிக்கத் தொடங்கினாள். “அப்பா வேண்டாமெண்டா, நான் வேற ஆரையும் முடிக்கமாட்டன்” என்றாள், நிமிராமலே. எனக்கு யோகனைப் போகச் சொல்லவும் முடியவில்லை, இருக்கச் சொல்லவும் முடியவில்லை.

பொழுது சாயும் நேரம் இவர் திரும்பி வந்தார். கக்கத்தில் ஒரு கட்டுக் கலர்க் கடதாசி. நேரே யோகனிடம் போய் இரண்டு தாளை உருவிப் பிடித்தார்.

“தம்பி, இது ரெண்டும் வேற வேறயாத் தெரியுதோ?”

“ஓம் மாமா. மஞ்சள்… மற்றது நீலம்.”

“அப்ப பந்தலுக்கு இதுதான். சிவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். மாப்பிள்ளைக்கும் தன்ர கலியாணம் வடிவாத் தெரிய வேணும்.”

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இப்போது எனக்கு வேறு பயம். இது பிள்ளைகளுக்கும் வருமாம், ஆண்பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வருமாம். யாரோ சொன்னார்கள், யாரென்று மறந்துவிட்டேன். வாசகர்களில் டாக்டர்மார் இருந்தால் சரி பிழை பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

உண்மையென்றாலும் தயங்காமல் எழுதுங்கள்… கட்டிய பந்தலை என் வீட்டுக்காரர் அவிழ்க்கப் போவதில்லை.