ஐந்து வார்த்தைப் பரீட்சை

லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர் என்பதால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கேட்கவா வேண்டும்! போன வருடம் டாக்டரம்மா, "லேசான ஞாபகக் குறைவு இருக்கு. சில பேருக்கு இது மறதி நோயா முத்தும், பல பேருக்கு இப்படியே நின்னுடும். இவருக்கு எப்படின்னு ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றதிலிருந்து டீச்சருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயந்தவள் சும்மா இருந்தாளா? பரிசோதனையில் டாக்டர் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து அவரிடம் திருப்பிக் கேட்ட ஐந்து வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, தினமும் உருப்போட வைத்தாள். பல் தேய்க்கும்போது கேட்பாள். குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்பாள். "ஏணி, நாற்காலி, ஆறு, கத்தரிக்கோல், மஞ்சள்" என்று உள்ளிருந்து குரல் வரும். சில நாள், "இன்னைக்கு ஸ்கூல் லீவு டீச்சர்" என்றும் வரும்.

இந்த வருடம் டாக்டர், "அஞ்சு வார்த்தை சொல்றேன் சார்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், லிஃப்ட்காரர் ஐந்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது போன வருஷத்து வார்த்தைங்க. வீட்டுல யாரு சொல்லிக்குடுத்தது?"

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காலமெல்லாம் காப்பியடித்த பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் அல்லவா. டாக்டர் சிரித்துக்கொண்டே அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

வராந்தா பெஞ்சில் அவளுக்கு உயிரே இல்லை. பழையதை ஒப்பிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றாவது மனத்தில் நிற்குமா? நாளைக்கு இந்த மனுஷன் கட்டின மனைவியையே யாரென்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தானே வருடம் முழுக்க அவரை வறுத்தெடுத்தாள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். "போன தடவை ரெண்டு வார்த்தைதான் ஞாபகம் இருந்துச்சு. இன்னைக்குக் குடுத்த புது வார்த்தைல மூணு சொல்லிட்டார். ஸ்கேன்லயும் மாற்றம் இல்ல. கடை கண்ணிக்குப் போறது, பில் கட்டுறது எல்லாம் அவரேதான் பாக்குறார். சத்தியம் பண்ண முடியாதும்மா, ஆனா முத்திப்போற அடையாளம் எதுவும் இப்ப இல்ல. வருஷா வருஷம் பாத்துக்கலாம். நீங்க பாடம் நடத்துறத மட்டும் நிறுத்துங்க."

அப்பாடா. டீச்சர் அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். "பாஸானவன் நானு, அழறது நீயா?" என்றார் லிஃப்ட்காரர்.

படியிறங்கும்போது பழக்கதோஷத்தில் அவள் வாயைத் திறந்தாள். அவரும் ஒப்பிக்கத் தயாராகத் தொண்டையைச் செருமினார்.

"என்னங்க, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்றாள். தனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியை அவரிடம் அவள் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.