எனக்கு இல்லாத நோய்

“...பேரு கூப்பிட்டா நீ மொதல்ல எழுந்திரு. நான் பின்னாலயே வரேன். உள்ள போனப்புறம் டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காரேன்டி. கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி ஒக்காந்துக்கினு கீற!”

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை வராந்தாவில், காலை பத்து மணிக்கு, என் காதுக்குள் இப்படி அதட்டியவர் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் மாவுக்கடை வைத்திருக்கும் அக்கா. மருத்துவரைப் பார்க்க வந்தவர் அவர்தான். ஆனால் நோயாளி மாதிரி உட்கார வேண்டியவள் நான். இந்தக் கூத்துக்கு எப்படிச் சம்மதித்தேன் என்று சொல்ல, மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

அக்காவின் கடைக்கு அடுத்த கதவு என் ஜெராக்ஸ் கடை. எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் கடைக்கு வருகிற காகிதங்களைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். வாயும் சும்மா இருக்காது. ஒருநாள் சைக்கிள் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் நோட்டீஸ் நகலெடுக்க வந்தார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணமாம். ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கித் தர வேண்டுமாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, “லேடீஸ்தான் யாரும் வர மாட்டேங்குறாங்க” என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். “ஏன் வர மாட்டாங்க? நான் வரேன்” என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வயது, எண்பது கிலோ எடை, கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முன்னால். பேசாமல் நகலை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டிருக்கலாம்.

பயிற்சி ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முதல் வாரம் காலாப்பட்டு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. பாதி வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நாய்கள்கூட என்னைத் துரத்துவதை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டன, இவளைத் துரத்தி என்ன பெருமை என்று. இரண்டாவது மாதம் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து படி ஏறும்போது தொடை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தார். “காசு குடுத்து சைக்கிள் வாங்கி, அது மேல ஒக்காந்து வலியயும் வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது தெருதான்.

குழுவில் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். முதுகில் பெரிய சிவப்பு எழுத்தில் ‘புற்றுநோயை வெல்வோம்’. எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த மாதிரி’ என்பார்கள், இல்லையென்றால் குரலை இறக்கிக் கையை மட்டும் ஆட்டுவார்கள். அப்படிப்பட்ட தெருவில், அந்த வார்த்தையை முதுகில் சுமந்துகொண்டு வாரத்தில் நான்கு நாள் போய் வந்தேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியதால் தலைமுடியைக் காதுவரை வெட்டிக்கொண்டேன். மிதித்த மிதியில் எடை எட்டு கிலோ குறைந்தது. கடை மேஜையில் ‘புற்றுநோய்க்கு உதவுங்கள்’ என்று எழுதி ஒரு உண்டியலும் வைத்தேன். இடம் போதவில்லை என்று ‘ஆராய்ச்சி’யை விட்டுவிட்டேன்.

முடி போச்சு, உடம்பு இளைச்சுது, முதுகில் எழுதியிருக்கு, உண்டியலும் வெச்சுட்டா. தெரு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. விடை எனக்கு மட்டும்தான் தெரியாது.

முதலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “போன் குராஜ், போன் குராஜ்” என்றார். தைரியமாக இரு என்று அர்த்தம். சைக்கிளுக்குத்தான் வாழ்த்துகிறார் என்று நினைத்து, “தாங்க்ஸ் சார், நூறு கிலோமீட்டரும் முடிச்சிருவேன்” என்றேன். அவர் கண் கலங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மளிகைக்கடை பாய் ஒரு கவரைக் கொண்டுவந்தார். உண்டியலில் போடப் போனேன். “அதுல போடாதம்மா. ஆராய்ச்சி கீராய்ச்சில்லாம் அப்புறம். நீ மொதல்ல வைத்தியத்தப் பாரு” என்றார். எனக்கு ஒன்றும் இல்லை பாய் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னால், “எங்க பெரியம்மாவும் இப்படித்தான் சொல்லிக்கினே இருந்தாங்க” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அரியாங்குப்பத்துக்கு இன்னொரு தடவை மிதித்துவிட்டு வந்திருக்கலாம்.

உச்சகட்டம் மாதா கோயிலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில், நோயாளிகளுக்கான மன்றாட்டில் என் பெயரை வாசித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்! அத்தனை தலையும் திரும்பியது. அன்று காலைதான் நாற்பது கிலோமீட்டர் போய் வந்திருந்தேன். எழுந்து போய்ச் சொல்லலாம் என்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி நான் வெளியே வந்ததைப் பார்த்து, ஒரு அம்மா வாய்விட்டே அழுதுவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் மாவுக்கடை அக்கா. அவரிடம்தான் எனக்கு அதிகக் கோபம். சாயங்காலமானால் தெருவே மாவு வாங்க அங்கே நிற்கும். அவர் ஒரு வார்த்தை, அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் வதந்தி அன்றைக்கே அடங்கியிருக்கும். சொல்லவே இல்லை. அதோடு விட்டாரா? ஆள் இல்லாத நேரம் பார்த்து என் மேஜையில் வந்து சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பார். மொதல்ல எங்க தெரியும்? கைக்கு நெருடுமா? டாக்டருங்க மொதல்ல இன்னா பண்ணுவாங்க, கத்தி வெப்பாங்களா? வம்புக்கு ஒரு அளவு வேண்டாமா! எனக்கு எதுவும் இல்லை என்பேன். “சரிடி சரிடி, இல்லன்னே வெச்சிக்கலாம். வலிக்குமா?” என்பார்.

ஒருநாள் ரெட்டியார்பாளையம் தாண்டி, எதிர்காற்றில் ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்திருந்தேன். கடை திறந்ததும் மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. உள்ளே கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வந்து, வலிக்குமா என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“வலிக்காதுக்கா! வலிக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கெடையாது. கட்டின்னு இருந்தா, வலிச்சாலும் வலிக்கலன்னாலும் ஒடனே டாக்டர்கிட்ட காட்டணும். நோட்டீஸ்ல போட்டுருக்கு. போதுமா? இனிமே வந்து கேக்காத!”

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அவர் பக்கத்தில் சத்தமே இல்லை. அப்பாடா, ஒரு தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அக்கா குனிந்து உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் மாவு காய்ந்திருந்தது.

“நிஜமாவே வலிக்காதா?” என்றார்.

அந்தக் குரலில் வம்பு இல்லை. நான் சோற்று டப்பாவை மூடி வைத்தேன்.

இடது மார்பில் ஒரு கட்டி, ஐந்து மாதமாக. யாரிடமும் சொல்லவில்லை. மகள் நிறைமாதக் கர்ப்பிணி, அவளுடைய பிரசவம் ஆகட்டும் என்று இருந்தாராம். வலிக்கவில்லையே, வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம்.

என்னையும் நோயாளி என்று நம்பித்தானே சொல்கிறார், அந்தப் பொய்யில் வைத்திருக்கக் கூடாது என்று, “அக்கா, எனக்கு சத்தியமா இல்லக்கா” என்றேன்.

“தெரியும்டி. தெரு பேச ஆரம்பிச்ச மொத வாரமே தெரியும். சீக்கு வந்தவ எவளாவது அந்த வெயில்ல முப்பது கிலோமீட்டர் மிதிப்பாளா? மிதிச்சிட்டு வந்து என் கடையில பத்து இட்லிக்கு மாவு வாங்குவாளா?”

“அப்ப எல்லாரும் கேக்கும்போது சொல்ல வேண்டியதுதானே? என் பேர பூசைல படிச்சாங்கக்கா!”

“சொல்லியிருக்கலாம். சொல்லல.” காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். “ஒனக்கு வந்துருக்குன்னு சொன்னா, ஜனங்க ஒன் கடைக்கு வர்றத நிறுத்துறாங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை நாள் என்னை வாசலில் நிறுத்தி வைத்து ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்திருக்கிறார். ஆளாளுக்கு என் கடைக்குக் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கண்ணீர், பாயின் கவர், மூன்றாவது வரிசை, எல்லாவற்றையும் பக்கத்துக் கதவிலிருந்து பார்த்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். கேள்விதான் வந்தது.

“நிறுத்துனாங்களா?”

“எங்க? மின்னயவுட ஜாஸ்தியால்ல வந்தாங்க.” லேசாகச் சிரித்தார். சிரிப்பு உடனே போய்விட்டது. “ஆனா நீ குடுக்குறது பேப்பரு. நான் குடுக்குறது திங்கற பொருளு. இந்தக் கையால கரைச்ச மாவ, தெரிஞ்சா எவ வாங்குவா?”

அது தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. இந்த ஒரு வரியை நான் ஐந்நூறு நோட்டீஸில் நகலெடுத்திருக்கிறேன். கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறேன். நாளுக்கு இரண்டு தடவை என் மேஜையில் சாய்ந்து நின்று கேட்ட மனுஷிக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டதையெல்லாம் வம்பு என்றே காதில் வாங்கினேன். நூறு கிலோமீட்டருக்குத் தயாராகிக்கொண்டிருந்தவளுக்கு, நடுவில் ஒரே ஒரு சுவர் இருந்த கடை எட்டவில்லை.

அன்று மதியம் அந்த வரியைச் சொன்னேன். மறுபடி மறுபடி சொன்னேன். தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. பிரசவம் வரை காத்திருக்கக் கூடாது, நாளைக்கே போகலாம் என்றேன். வர முடியாது என்றார். சண்டை போட்டோம். நான் கத்த, அவர் கத்த, ஷட்டருக்கு வெளியே ஒருவர் குனிந்து பார்த்து, “ஆதார் ஜெராக்ஸ்...” என்று இழுத்தார். இருவரும் ஒரே குரலில் அப்புறம் வரச் சொன்னோம். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டார்.

“நீ அந்த மஞ்ச சட்டையப் போட்டுக்கினு வா. நான் ஒனக்குத் துணைக்கு வந்த மாதிரி வரேன். யாராவது பாத்தாலும் ஒன்னத்தான் நெனைப்பாங்க. ஒனக்கு இன்னா, ஏற்கெனவே வந்துடுச்சே!”

சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

அப்படித்தான் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பயந்தது போலவே, எதிர் வரிசையில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி, மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க அழைத்து வந்திருந்தாள். தினமும் அக்காவிடம் மாவு வாங்குகிறவள். என் முதுகைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். “தைரியமா இருங்கக்கா” என்று என்னிடமும், “பாவம், நீங்கதான் கூட வந்தீங்களா” என்று அக்காவிடமும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டேன். அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அக்காவின் உடம்புக்கு என்ன முடிவு வந்தது, வைத்தியம் எப்படிப் போகிறது என்பதை நான் எழுத மாட்டேன். அது அவர் விஷயம். நூறு கிலோமீட்டரை நான் முடித்தேன், கடைசி ஆளாக. மாவுக்கடை திறந்திருக்கிறது, சாயங்காலக் கூட்டமும் அப்படியே நிற்கிறது. இவ்வளவு சொன்னால் போதும். இப்போதெல்லாம் யாராவது வந்து மேஜையில் சாய்ந்து வேண்டாத கேள்வி ஒன்றைக் கேட்டால், எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு, கேட்டவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். அந்தப் பழக்கம் அந்த வராந்தாவிலிருந்து வந்தது.

அன்று அங்கே, நர்ஸ் கதவைத் திறந்து சத்தமாகப் பெயரைக் கூப்பிட்டார். அக்காவின் பெயர். பேசி வைத்தபடி நான் எழுந்தேன். எதிர் வரிசைப் பெண் குழப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து என்னை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, “நான்தாம்மா, இதோ வரேன்” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, தனியாக உள்ளே நடந்து போனார்.